கடவுச்சொல் மாறியது, கோப்புகள் திறக்கவில்லை

எங்கள் தணிக்கை அலுவலகத்தின் கோப்புகள் முழுவதும் நானே நிறுவிப் பராமரிக்கும் ஒரு நெக்ஸ்ட்கிளவுட் (கோப்புகளைச் சேமித்துப் பகிர உதவும் மென்பொருள்) சர்வரில் இருக்கின்றன. சென்ற மாதம் 19ஆம் தேதி மாலை, கணக்குப் பிரிவில் இருக்கும் அக்கா தொலைபேசியில் அழைத்து, கடவுச்சொல் மறந்துவிட்டது என்றார். மறுநாள் ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கடைசி நாள். சர்வரில் மின்னஞ்சல் அமைப்பை நான் இன்றுவரை சரிசெய்யாததால் 'கடவுச்சொல் மறந்துவிட்டதா' என்ற இணைப்பால் பயனில்லை. இரண்டு நிமிட வேலைதானே என்று வீட்டிலிருந்தபடியே, தொலைவிலிருந்து சர்வரை இயக்க உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போனேன்.

நெக்ஸ்ட்கிளவுட்டின் கட்டளைவரிக் கருவியான 'ஓசிசி'யை அவசரத்தில், முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக இயக்கியதும், கான்ஃபிக் கோப்பு யாருக்கு உரியதோ அந்தப் பயனராக இயக்க வேண்டும் என்று அது மறுத்துவிட்டது. எங்கள் சர்வரில் அந்தப் பயனர் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா'. இது வழக்கமாக நான் செய்யும் தவறு. வேறொரு பயனராக இயக்க உதவும் சூடோ கட்டளையைச் சேர்த்து மீண்டும் இயக்கினேன். புதிய கடவுச்சொல்லைத் திரையில் தட்டச்சு செய்யாமல் சூழல் மாறியிலிருந்து (நிரல்கள் படிக்கும்படி முன்பே ஒரு பெயரில் வைத்துவிடும் மதிப்பு) எடுத்துக்கொள்ளும் ஒரு தெரிவு, கடவுச்சொல்லை மாற்றும் 'யூசர்:ரீசெட்பாஸ்வேர்ட்' கட்டளைக்கு உண்டு. என் பழைய ஸ்கிரிப்ட் அதைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் சூடோ சூழல் மாறிகளை இயல்பாகக் கடத்துவதில்லை என்பதால், அந்த மாறியான 'ஓசி_பாஸ்' காலியாக இருக்கிறது என்ற பிழையே திரும்பத் திரும்ப வந்தது. சூடோவுக்கு '-ஈ' கொடுத்தால் போதும் என்று கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. கடைசியில் வெற்றிச் செய்தி வந்தபோது எதையோ சாதித்துவிட்டதாகவே நினைத்தேன்.

அக்காவிடம் புதிய கடவுச்சொல்லைச் சொன்னேன். "உள்ளேயே போகமாட்டேங்குது, சுத்திக்கிட்டே இருக்கு" என்றார். என்னை அழைப்பதற்கு முன்பே அவர் பலமுறை தவறான கடவுச்சொல்லைக் கொடுத்துப் பார்த்திருந்ததால், சர்வர் அவருடைய ஐபி முகவரிக்கு ஒவ்வொரு முயற்சியையும் 25 விநாடிகள் வரை தாமதப்படுத்திக்கொண்டிருந்தது. 'செக்யூரிட்டி:ப்ரூட்ஃபோர்ஸ்:ரீசெட்' கட்டளையோடு அந்த முகவரியைக் கொடுத்ததும் அது தீர்ந்தது.

உண்மையான இடி அதன் பிறகுதான் விழுந்தது. உள்ளே நுழைந்த அக்காவுக்குக் கோப்புகளின் பெயர்கள் தெரிந்தன, ஒன்றுகூடத் திறக்கவில்லை. குறியாக்கத்துக்கான தனிச்சாவி செல்லாது என்றும், அமைப்புகளில் அதன் கடவுச்சொல்லைப் புதுப்பிக்கும்படியும் ஓர் அறிவிப்பு வந்தது.

இந்தச் சர்வரில் நான் தொடக்க காலத்தில் கோப்புகளை சர்வரே பூட்டிவைக்கும் சர்வர் பக்கக் குறியாக்கத்தை இயக்கியிருந்தேன், அதுவும் பயனருக்கு ஒரு சாவி என்ற பழைய முறையில். இப்போது புதிதாக இயக்குபவர்களுக்கு எல்லோருக்கும் பொதுவான மாஸ்டர் சாவிதான் இயல்பாக அமைகிறது, அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பழைய முறையில் ஒவ்வொருவரின் தனிச்சாவியும் அவரவர் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருக்கும். நிர்வாகி வெளியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றினால், நுழைவுக்கான சொல் மட்டும் மாறுமே தவிர, சாவி பழைய சொல்லாலேயே பூட்டிக் கிடக்கும். வயிற்றெரிச்சல் என்னவென்றால், அதே கட்டளையைச் சூழல் மாறி இல்லாமல் நேரடியாக இயக்கியிருந்தால், குறியாக்கம் இருப்பதால் தரவு இழப்பு நேரும் என்று எச்சரித்துவிட்டு, தொடரலாமா என்றும் அது கேட்டிருக்கும். சூழல் மாறி வழியாகக் கடவுச்சொல்லைக் கொடுத்தால் அந்தக் கேள்வியே வராது. அப்படியென்றால், அந்த இருபது நிமிடமும் எச்சரிக்கையைத் தவிர்ப்பதற்காகவே நான் பாடுபட்டிருக்கிறேன்.

கடவுச்சொல் தொலைந்தால் நிர்வாகிக்கு உதவும் மீட்புச் சாவி இருந்திருந்தால் அதைக் கொண்டு மீட்டிருக்கலாம். நான் அதை இயக்கவே இல்லை. எஞ்சியிருந்த ஒரே வழி, அக்கா மறந்துபோன அந்தப் பழைய கடவுச்சொல். இரவு எட்டரை மணிக்கு அலுவலகத்துக்கே போய், அவர் முன்பு பயன்படுத்திய மேசைக்கணினியை மூலையிலிருந்து இழுத்து வந்து இயக்கி, ஃபயர்பாக்ஸ் சேமித்துவைத்த கடவுச்சொற்களின் பட்டியலைத் திறந்தேன். எங்கள் சர்வர் முகவரிக்கு நேரே, அவருடைய மகன் பெயரும் ஒரு வருடமுமாக அது இருந்தது. அக்காவின் தனிப்பட்ட அமைப்புகளில் குறியாக்கப் பகுதிக்குப் போனால், பழைய கடவுச்சொல்லுக்கு ஒன்றும் தற்போதைய கடவுச்சொல்லுக்கு ஒன்றுமாக இரண்டு பெட்டிகள் இருக்கும். இரண்டையும் நிரப்பி, வெளியேறி மீண்டும் நுழைந்ததும் முதல் எக்செல் கோப்பு திறந்தது.

இதே நிலையில் இருப்பவர்கள் யாருடைய கடவுச்சொல்லையும் தொடுவதற்கு முன் 'என்கிரிப்ஷன்:ஸ்டேட்டஸ்' கட்டளையை ஒருமுறை இயக்கிப் பாருங்கள். குறியாக்கம் இருக்கிறது என்று காட்டினால், மாஸ்டர் சாவியா, தனிச்சாவியா என்று உறுதி செய்யாமல் மேலே போகாதீர்கள். தனிச்சாவி என்றால் மீட்புச் சாவியை நிர்வாகி இயக்கினால் மட்டும் போதாது. ஒவ்வொரு பயனரும் தம் அமைப்புகளில் அதற்குத் தனியாக ஒப்புதல் தர வேண்டும். எங்கள் அலுவலகத்தில் பதினேழு பேரில் பதினான்கு பேர் தந்துவிட்டார்கள். தராத மூவரில் ஒருவர் எங்கள் முதலாளி.