பழைய ஐபோனில் உடைந்த பக்கம்: 9 நாள் அலைச்சல்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட பனங்கட்டி, ஒடியல் மா, மிளகாய்த்தூள் விற்கும் கடை ஒன்றுக்கு இணையத்தளம் செய்துகொடுத்தேன். நல்லூர்க் கோயில் கொடியேற்றத்துக்கு முன்னம் தளம் வந்துவிட வேண்டும் என்பதுதான் கடைக்கார அண்ணையின் ஒரே நிபந்தனை. அந்த 25 நாள் திருவிழாவில்தான் வெளிநாட்டில் இருக்கிற சனத்துக்கு ஊர்ச் சாமான் நினைப்பு கூடுதலாக வரும். டொமைன், ஹோஸ்டிங், வடிவமைப்பு எல்லாம் ஒரு கிழமைக்குள் முடிந்தன. என் மடிக்கணினியில் குரோமிலும் பயர்பொக்ஸிலும், என் அன்ட்ரொயிட் போனிலும் ஒரு பிசகும் இல்லை.

பிறகுதான் ரொறன்ரோவில் இருக்கும் அண்ணையின் அக்காவிடமிருந்து குரல் பதிவு வந்தது. "தம்பி, சாமானெல்லாம் ஒண்டோடொண்டு ஒட்டிக்கொண்டு நிக்குது. படம் இழுபட்டுக் கிடக்கு. ஓடர் குடுக்கிற பட்டனைக் காணவே இல்லை."

தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். 2 நாள் கழித்து ஒரே வரியில் பதில்: கேஷை (போனில் சேமித்த பழைய பிரதியை) அழித்துவிட்டு குரோமில் திறந்து பாருங்கள். அக்காவும் பாவம், சொன்னபடி குரோமை இறக்கித் திறந்தா. அதே கோலம். அக்காவுடையது ஐபோன். அந்தப் போனில் குரோம் போட்டாலும் பயர்பொக்ஸ் போட்டாலும் உள்ளே பக்கத்தை வரைவது அதன் சொந்த உலாவியான சஃபாரியின் வெப்கிட் இயந்திரம்தான். உலாவியை மாற்றி ஒரு பிரயோசனமும் இல்லை. உதவிப் பிரிவில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருந்ததை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

அடுத்த நாள் பஸ் ஏறி யாழ்ப்பாணம் டவுனுக்குப் போனேன். பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு போன் கடையில் கெஞ்சிக் கேட்டு, அங்கிருந்த 3 ஐபோன்களில் பக்கத்தைத் திறந்தேன். மூன்றிலும் எல்லாம் சரி. மத்தியான வெயிலில் வெறுங்கையோடு திரும்பி வரும்போதுதான் அக்காவிடம் மொடலைக் கேட்டேன். ஐபோன் 6. மகன் பாவித்துவிட்டுக் கொடுத்தது. 2014இல் வந்த அந்தப் போனின் இயங்குதளம் ஐஓஎஸ் 12க்கு மேல் போகாது. சஃபாரியும் அந்தப் பதிப்பிலேயே நின்றுவிடும். யாராவது "உடைஞ்சு கிடக்கு" என்று சொன்னால் முதல் கேள்வியாக மொடலையும் ஐஓஎஸ் பதிப்பையும் கேளுங்கள். எனக்கு அது 4 நாள் பிந்தித்தான் உறைத்தது.

கொக்குவில் மாமி ஒருவரிடம் லண்டனிலிருந்து வந்த அதே ஐபோன் 6 இருந்தது. "ரெண்டு பின்னேரம் தாங்கோ மாமி" என்று வாங்கி வந்தேன். ஐபோன் சஃபாரியை உள்ளே திறந்து ஆராய ஆப்பிள் தரும் வழிக்கு மேக் கணினி வேண்டும், என்னிடம் இல்லை. அதனால் எல்லாப் பெட்டிகளுக்கும் சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் பக்கத்தைப் பார்த்தேன். எந்தப் பெட்டி எதை இடிக்கிறது என்று உடனே தெரிந்தது.

சாமான் பெட்டிகளை ஃபிளெக்ஸ் என்ற அடுக்கு முறையில் அடுக்கி, இடைவெளிக்கு 'கேப்' என்ற கட்டளை போட்டிருந்தேன். ஃபிளெக்ஸுக்குள் கேப் சஃபாரிக்கு 2021இல், 14.1 பதிப்பில்தான் வந்தது. சரி, உலாவிக்கு ஒரு கட்டளை தெரியுமா என்று கேட்கும் 'சப்போர்ட்ஸ்' நிபந்தனை போட்டு, கேப் தெரியாத உலாவிக்கு மார்ஜின் (வெளி இடைவெளி) கொடுக்கலாம் என்று ஒரு பின்னேரம் முழுக்க மினக்கெட்டேன். அசையவில்லை. காரணம், அந்தச் சஃபாரிக்கு கிரிட் என்ற இன்னொரு அடுக்கு முறைக்குள் கேப் தெரியும். ஆகவே "கேப் தெரியுமா" என்று கேட்டால் "தெரியும்" என்றே பதில் சொல்லும். இதை எங்காவது எழுதி வையுங்கள். கடைசியில் ஃபிளெக்ஸை எடுத்துவிட்டு கிரிட்டாக மாற்றினேன். இடைவெளி தானாக வந்தது.

படம் இழுபட்டதற்குக் காரணம் அகல உயர விகிதத்தைச் சொல்லும் 'அஸ்பெக்ட் ரேஷியோ' கட்டளை; அது சஃபாரி 15இல்தான் வந்தது. மேல் பேடிங் (உள் இடைவெளி) அகலத்தில் 75 சதவீதம் என்ற பழைய வழியில் 4:3 அளவைப் பிடித்தேன். பட்டன் விஷயம் வேறு. பக்கத்தின் உயரத்தை 100விஎச் (முழுத் திரை உயரம்) என்று கொடுத்திருந்தேன். ஐபோன் சஃபாரி, கருவிப்பட்டை ஒளிந்திருக்கும்போது உள்ள உயரத்தைத்தான் அதற்குக் கணக்கெடுக்கும். பட்டன் பட்டைக்குக் கீழே போய்விடும். பட்டைக்கு ஏற்ப உயரத்தை மாற்றும் டிவிஎச் அலகு சஃபாரி 15.4இல்தான் வந்தது, இந்தப் போனுக்கு உதவாது. பட்டனைத் திரையின் அடியில் நிலையாக ஒட்டிவிட்டேன்.

மாமியின் சின்னத் திரையில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. 'பனங்கட்டி'யின் கடைசி எழுத்தில் மேல்விலங்கு பாதி வெட்டுப்பட்டு நின்றது. 'மிளகாய்த்தூ'ளில் தூவின் வால் இல்லை. ஆங்கிலத்துக்குச் செய்த வார்ப்புருவில் வரி உயரம் 1, மிஞ்சுவதை மறைக்கும் கட்டளையும் உண்டு. 1.6 ஆக்கியதும் எழுத்து முழுசாக வந்தது. தமிழ்ப் பக்கம் செய்கிறவர்கள் இதை முதல் நாளே பார்க்க வேண்டும். கடையின் விலைப்பட்டியல் பாமினி என்ற பழைய எழுத்துருவில் வந்ததால் யூனிகோடுக்கு மாற்றி ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்ததும் ஒரு தனி வேலை.

திருத்தியதை ஏற்றியபோது சிஎஸ்எஸ் (பக்க வடிவமைப்பு) கோப்பின் பெயருக்குப் பின்னால் கேள்விக்குறியும் புதுப் பதிப்பு எண்ணும் போட்டேன். இல்லாவிட்டால் அக்காவின் போன் பழைய கோப்பையே காட்டிக்கொண்டிருக்கும்.

கொடியேற்றத்துக்கு 2 நாள் முன்னம் அக்காவின் குரல் பதிவு வந்தது. "இப்ப வடிவா இருக்கு தம்பி. பட்டனும் தெரியுது." அன்று இரவே கூழுக்கு ஒடியல் மா 2 கிலோ என்று அவவின் ஓடரும் விழுந்தது. பக்கத்தின் அடியில் முகவரி வரி மட்டும் அந்தப் போனில் இன்னும் கொஞ்சம் சரிந்து நிற்கிறது. திருவிழா முடிய, மாமியிடம் போனைத் திரும்ப வாங்கி அதையும் நிமிர்த்த வேண்டும்.