கோப்பி வில்லையும் தகர வில்லையும்

2025 பெப்ரவரி 8, சனி

கண்டியில் பழம்பொருள் கடை ஒன்றில், நீண்ட நாளாகத் தேடிக்கொண்டிருந்த வில்லை, கோப்பி ஆலைக்காரர் கூலிக்கு அடையாளமாகக் கொடுத்த உலோகத் துண்டு, இன்று கிடைத்துவிட்டது. ஜோர்ஜ் ஸ்டுவார்ட் கம்பனி, வேகந்த மில், கொழும்பு. செம்பு. நடுப்பகுதி தேய்ந்திருந்தாலும் விளிம்பு எழுத்தை விரலால் தடவியே வாசிக்கலாம். கடைக்காரர் அதை ஜோர்ஜ் மன்னர் காலத்துச் சதங்களோடு ஒரே டப்பாவில் போட்டிருந்தார். "இது கவர்மெண்டு காசு இல்ல மாத்தயா, வேணும்னா எடுத்துக்கொள்ளுங்க" என்றார். அதற்காகத்தானே வந்தேன்.

அரசாங்கம் அடித்த காசைவிட இந்தக் கோப்பி ஆலை வில்லைகள்மேல் எனக்குப் பிரியம் அதிகம். மலையில் பறித்த பழத்தைத் தோட்டத்திலேயே சதை நீக்கி, உள்தோலோடு காயவைத்து, மாட்டு வண்டியில் கொழும்புக்கு அனுப்புவார்கள். கண்டிக்கு ரயில் வந்தது 1867இல்தான். கொழும்பு ஆலைகளில் அந்தத் தோலை உடைத்த பிறகு கறுத்த கொட்டை, உடைந்த கொட்டை எல்லாவற்றையும் பொறுக்கித் தள்ளுவது பெண்களின் வேலை. அந்தி சாயும்போது ஒரு நாள் வேலைக்கு ஒரு வில்லை கையில் கிடைக்கும். கூலியை அப்புறம் அதைக் காட்டி வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்த இன வில்லைகளில் சிலவற்றில் 4½ பென்ஸ் என்று மதிப்பு போட்டிருக்கும். அதென்ன நாலரை? 1825இல் இங்கே ஆங்கிலேயக் காசைக் கணக்குக்குக் கொண்டுவந்தபோது அதுவரை புழங்கிய றிக்ஸ் டொலர் ஒன்றை 1 ஷில்லிங் 6 பென்ஸுக்கு, அதாவது 18 பென்ஸுக்கு, சமமாக வைத்தார்கள். றிக்ஸ் டொலருக்கு 12 பணம். அப்படியானால் ஒரு பணம் 1½ பென்ஸ், மூன்று பணம் 4½ பென்ஸ். துரைமாரின் கணக்குப் புத்தகத்தில் பவுன், ஷில்லிங் வந்துவிட்டது; பெண்களின் நாள் கூலியோ பழைய மூன்று பணத்திலேயே நின்றிருக்கிறது. 1872இல் ரூபா, சதம் என்று மாறியபோது, ரூபாவுக்கு 2 ஷில்லிங் என்ற கணக்கில், அதே தொகை 18¾ சதம். இத்தனை கதையும் ஒரு செம்புத் துண்டுக்குள் இருக்கிறது.

பெப்ரவரி 11, செவ்வாய்

வில்லையை எடைபோட்டு, விட்டம் அளந்து, இருபுறமும் படம் எடுத்தாயிற்று. வீட்டுக்கு வந்த நண்பர் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும் என்றார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். நூற்றைம்பது வருடம் எடுத்துப் படிந்த பழுப்பு ஒரு நிமிடத்தில் போய்விடும், திரும்ப வராது. மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்தால் போதும். மெத்தென்ற பி.வி.சி. உறையிலும் போட வேண்டாம். நாளடைவில் அது பச்சையாகக் கசிந்து செம்பை அரிக்கும்.

பெப்ரவரி 22, சனி

புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு பாட்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். அவருடைய பேரன் கண்டியில் என்னோடு வேலை செய்கிறார். "எங்க அப்பாயிகிட்ட ஒரு தகரம் இருக்குண்ணே, நம்பர் வெட்டினது" என்று சொன்ன நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாசலில் உட்கார்ந்து பாட்டி சுருக்குப் பையை அவிழ்த்தார். பாக்குக்கும் சுண்ணாம்பு டப்பாவுக்கும் நடுவில் அந்த வட்டத் தகரம். மேலே ஒரு துளை. ஓர் எழுத்து, அதன் கீழே இரண்டு எண்கள், ஒவ்வொன்றும் தனித்தனி உளியால் கொத்தியவை. சரியாக நேர்க்கோட்டில்கூட இல்லை.

"எங்க தாத்தா கழுத்துல கட்டிக்கிட்டு வந்தது தம்பி. துறையூருப் பக்கம் எங்க ஊரு. கங்காணி ஆள் கட்டிக்கிட்டு வந்தப்ப குடுத்ததாம். தட்டப்பாறையில கேம்பு போட்டு வெச்சிருந்தாங்களாம்" என்றார்.

டின் டிக்கட். படத்தில் பார்த்திருக்கிறேன், கையில் வாங்கியது இதுதான் முதல் தடவை. 1900களின் தொடக்கத்தில் வந்த ஏற்பாடு இது. எழுத்து மாவட்டத்தைக் குறிக்கும். ஓர் எண் தோட்டத்துக்கு, மற்றது ஆளுக்கு. அதற்கு முன்னால் கங்காணி முன்பணத்தோடு ஊருக்குப் போய் ஆள் சேர்த்துக்கொண்டு வரும்போது, வழியிலேயே வேறு தோட்டத்துக்காரர் ஆசை காட்டி இழுத்துக்கொண்டு போவது நடந்தது. கழுத்தில் தகரம் தொங்கினால் இன்ன தோட்டத்து ஆள் என்று தூத்துக்குடித் துறையிலிருந்து மலை ரயில் நிலையம் வரை யாரும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். கப்பல், ரயில் செலவு தோட்டத்தின் பெயரில் எழுதப்படும். கங்காணி கொடுத்த முன்பணமோ தொழிலாளியின் கடனாக நிற்கும். வேலைக்கு வந்த ஆளுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குப் பென்ஸ் காசு தனி.

இலங்கைக்கு வரும் தொழிலாளரைத் தங்கவைத்த மண்டபம் கேம்பும், 1914இல் தொடங்கிய தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் பலருக்குத் தெரியும். தூத்துக்குடிப் பக்கம் இருந்த தட்டப்பாறை கேம்பை இன்று சொல்பவர்கள் குறைவு. பாட்டி அந்தப் பெயரை ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னார்.

விலைக்குக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். படம் எடுக்கலாமா என்று மட்டும் கேட்டேன். தேநீர் வந்தது. பேரன் எண்ணை உரக்க வாசித்தார், நான் எழுதிக்கொண்டேன். தாத்தாவின் பெயர், ஊர், முதலில் இறங்கிய தோட்டம், அப்புறம் மாறிய தோட்டம் எல்லாவற்றையும் பாட்டி வரிசையாகச் சொன்னார். மாறும்போது துண்டு வாங்க வேண்டியிருந்ததாம். எவ்வளவு கடன் என்று எழுதிய அந்தத் துண்டு இல்லாமல் அடுத்த தோட்டத்தில் பேர் போட மாட்டார்கள். 1921இல்தான் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

மார்ச் 2, ஞாயிறு

புறக்கோட்டை வியாபாரி ஒருவர் தகர வில்லைப் படங்களை அனுப்பியிருக்கிறார். ஒரு தொகுதியே இருக்கிறதாம். பார்த்ததும் மனம் ஒப்பவில்லை. எல்லாவற்றிலும் இலக்கங்கள் ஒரே ஆழம், ஒரே இடைவெளி. கையால் கொத்தினால் அப்படி வராது.

முத்திரை குத்திய எந்த உலோகத்தையும் முதலில் திருப்பிப் பார்க்க வேண்டும். மெல்லிய தகட்டில் உளி இறங்கினால் பின்பக்கம் புடைக்கும். தடித்த காசானால் குத்து விழுந்த இடத்துக்கு நேர் பின்னால் தட்டையாகும். பிறகு பூதக்கண்ணாடியால் குழிக்குள்ளே பார்க்க வேண்டும். மேற்பரப்பு கறுத்து, குழி மட்டும் வெளிச்சமாக இருந்தால் குத்து நேற்று விழுந்தது. தொங்கவிட்டு அணிந்ததென்றால் துளையின் மேல் விளிம்பு கயிறு உரசி மழுங்கியிருக்கும். பாட்டியின் தகரத்தில் துளை மேல்நோக்கி நீண்டு முட்டை வடிவாகவே ஆகிவிட்டது. இவர் அனுப்பியவற்றில் துளைகள் துளைக்கருவி போட்டபடி வட்டமாக இருக்கின்றன.

இந்தத் தொல்லை புதிதல்ல. 1797இல் இங்கிலாந்து வங்கி, வெள்ளிக் காசுத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க ஸ்பானிய டொலர்களில் மூன்றாம் ஜோர்ஜின் தலையைச் சின்ன நீள்வட்ட முத்திரையாகக் குத்தி விட்டது. உடனே கள்ள முத்திரைகள் கிளம்பின. 1804இல் எண்கோண முத்திரைக்கு மாறினார்கள், அதையும் போலி செய்தார்கள். கடைசியில் பர்மிங்ஹாமில் போல்டன் நடத்திய சோஹோ நாணய ஆலையில் முழுக் காசையுமே புது அச்சில் திரும்ப அடிக்க வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரிய வங்கிக்கே அந்த நிலை என்றால், தகரத்தில் எண் கொத்தி விற்பது எவ்வளவு சுலபம்!

வேண்டாம் என்று பதில் போட்டுவிட்டேன். கள்ளத் தகரம் ஒன்று சந்தைக்கு வந்தால், இல்லாத ஓர் ஆளின் எண் நிஜமான ஆட்களின் எண்களோடு கலந்துவிடும். எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான்.

மார்ச் 15, சனி

நேற்று லீவு போட்டுவிட்டுக் கொழும்பில் பழைய பெர்குசன் டைரக்டரிகளைப் புரட்டினேன். மாவட்டம் மாவட்டமாகத் தோட்டங்கள், ஏக்கர், உரிமையாளர், துரையின் பெயர். 1869இல் கோப்பிச் செடியில் இலைநோய் தலைகாட்டிய பிறகு வந்த பதிப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் கோப்பி சரிந்து தேயிலை ஏறுவது கண்ணுக்கு முன்னால் நடக்கிறது. கோப்பித் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கியும் 1884இல் விழுந்தது. பாட்டி சொன்ன இரண்டு தோட்டங்களும் அவர் சொன்ன பெயரிலேயே இருக்கின்றன. துரை யார் என்பதும் இருக்கிறது. வேலை செய்தவர்களின் பெயர் அங்கே வராது, அதற்கான புத்தகம் அல்ல அது.

கம்பனிப் பெயர் பொறித்த செம்பு வில்லைக்கு ஏலத்தில் நல்ல விலை. தகரத்துக்கு அந்த மதிப்பு இல்லை. எனக்கு மாறித் தோன்றுகிறது. செம்பைக் கையில் வாங்கிய பெண் யாரென்று சொல்ல வழியே இல்லை. தகரத்தில் ஆள் தெரிகிறார். ஆனால் வீட்டைவிட்டு வெளியேறி வியாபாரி கைக்குப் போய்விட்டால் அதுவும் வெறும் எண்.

மார்ச் 23, ஞாயிறு

புசல்லாவைக்கு மறுபடி போனேன். படத்தைப் பெரிதாக அச்சடித்து, பாட்டி சொன்ன விவரங்களைக் கீழே தட்டச்சு செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, தாத்தாவின் ஊர்ப் பெயரில் ஒரு எழுத்தைத் திருத்தினார். பக்கத்து லயத்தில் இன்னொரு வீட்டிலும் இதுபோல ஒன்று இருந்ததாகச் சொன்னார். அவர்கள் ஹட்டன் பக்கம் குடிபோய்விட்டார்களாம். விலாசம் வாங்கியிருக்கிறேன். சித்திரைப் புத்தாண்டுக்கு எல்லோரும் தோட்டத்துக்கு வருவார்கள், அப்போது பார்க்கலாம் என்றார் பேரன்.

இதை வாசிப்பவர்கள் வீட்டில் நம்பர் கொத்திய தகரம் இருந்தால் இருபுறமும் படம் எடுத்து வையுங்கள். யார் போட்டிருந்தது, எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தத் தோட்டத்தில் இறங்கினார் என்று தெரிந்தவர்களிடம் இப்போதே கேட்டு எழுதுங்கள். எனக்கு அனுப்ப விருப்பமிருந்தால் படம் போதும். தகரம் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.