மாமாவின் சவரக்கத்திக்குப் பலாமரப் பிடி

மாமாவுக்குத் தக்கலையில் சலூன். இப்போது ஷேவிங்குக்குப் பாதி பிளேடு மாட்டுகிற கத்திதான். எய்ட்ஸ் பயம் வந்த காலத்தில் கடைகளெல்லாம் மாறின, அவரும் மாறினார். அதுவரை அவர் கையில் இருந்தது முழு அலகுள்ள மடக்குக் கத்தி. அவருடைய அப்பா திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் வாங்கியது. நம்ம கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1க்கும் முந்தைய கத்தி. அலகின் அடியில் பிடியோடு ஆணியில் சேர்கிற காம்பில் ‘சோலிங்கன்’ முத்திரை இன்னும் வாசிக்க முடிகிறது. ஜெர்மனியில் அந்த ஊர்க் கத்திகளுக்கு மட்டுமே உரிய பெயர் அது. 1938இலேயே சட்டம் போட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

“கடல் காத்துல துருப்பிடிச்சுப் போச்சு மருமவனே” என்று சொல்லித்தான் கொடுத்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உப்புக் காற்று என்றால் வெளியே தெரிகிற இடத்தைத்தானே முதலில் தின்னும்? மடக்கும்போது வெளியே நிற்கிற முதுகும் வாலும் கிட்டத்தட்ட சுத்தம். பிடிக்குள் படுக்கிற பாகம் மட்டும் அம்மை போட்ட முகம் மாதிரி குழிகுழியாக இருந்தது.

கெடுத்தது பிடி. ஆமை ஓடு போலத் தெரிகிற அந்தப் பழைய பிடி செல்லுலாய்டு. பஞ்சு நாரை நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்தி, கற்பூரம் சேர்த்துச் செய்வது. வயதாகி அது சிதைய ஆரம்பித்தால் அமில ஆவி கசியும். கத்தி நாள் முழுக்க அந்த ஆவிக்குள்தான் படுத்திருக்கிறது. ஆகவே அலகை எவ்வளவு தேய்த்தாலும் பழைய பிடியிலேயே திரும்ப மாட்டினால் பயனில்லை.

பிடியின் ஆணித்தலையை அரத்தால் ராவிப் பிரித்தேன். கிரைண்டர் பக்கமே போகவில்லை. அலகின் ஓரம் தாள்போல மெல்லிசு; ஒரு நொடியில் சூடேறி நீலம் பாய்ந்தால் இரும்பின் பதம் இறங்கிவிடும், பிறகு கூர் நிற்காது. மரக்கட்டையில் அலகைப் பதிய வைத்து, தண்ணீர் விட்டு, 400ஆம் நம்பரில் தொடங்கி 2000ஆம் நம்பர் வரை உப்புத்தாளால் கையாலேயே தேய்த்தது. ஆழமான குழிகளை விட்டுவிட்டேன். அவற்றை எடுக்கப் போனால் முத்திரையும் சேர்ந்து போகும். வெட்டுகிற வாய் ஓரம் நன்றாக இருந்ததே, அது போதும்.

இனி மரம். இரணியல் பக்கம் இடித்த ஒரு பழைய வீட்டின் மச்சுப் பலகை, பலா வைரம், அதாவது மரத்தின் உள்கட்டை. புதுப் பலகை நம்ம ஊர் இரண்டு மழைக்கும் வளைந்து கொடுக்கும். இதுவோ காய்ந்து அடங்கின மரம். இழைப்புளி போட்டதும் உள்ளே மஞ்சள் பளீரென்று வந்தது, வீணைக் குடத்தில் பார்க்கிற அதே மரம். ரேகை நீளவாக்கில் ஓடும்படி, பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு துண்டு. இரண்டையும் சேர்த்து ஒட்டி ஒரே தடவையில் துளை போட வேண்டும். தனித்தனியாகப் போட்டால் கத்தி மடங்கும்போது ஒரு பக்கம் உரசும்.

எல்லாரும் கவனிக்காமல் விடுவது, பிடியில் காம்புக்கு எதிர்முனையில் வரும் ஆப்பு. இரண்டு துண்டுக்கும் நடுவில், ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்த சின்னச் சில்லு. அது இருந்தால்தான் பிடி லேசாக வில்போல விறைத்துக் காம்பை இறுக்கும். இல்லாவிட்டால் அலகு தொளதொளவென்று ஆடும். பழையதில் இருந்தது ஈயம். நான் புளிய வைரத்தில் செய்தேன், மஞ்சளுக்கு நடுவே கறுத்த கோடாக எடுப்பாக இருக்கிறது.

ஆணிக்குப் பித்தளைக் கம்பி. இரும்பு போட்டால் ஈரத்தில் துருப்பிடித்து மரத்தைக் கறுக்க வைக்கும். வாஷர் வைத்து, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டித் தலை விரித்தேன். ஓங்கி அடித்தால் மரம் பிளக்கும். மேலே லின்சீட் ஆயில், மெல்லிசாகப் பல பூச்சு.

சாணை பிடித்தது மாமாவே. முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிய, வாய் முன்னே போக. தோல்வாரில் அதற்கு நேர்மாறு, முதுகு முன்னே. முழங்கை முடியில் வைத்துப் பார்த்துவிட்டு, “தேங்காண்ணெ போடாண்டாம் மக்கா, காறிப்போவும். தையல் மிசின் எண்ணெ போடு” என்றார்.

உங்கள் வீட்டிலும் இதுபோல ஆமையோட்டு நிறப் பிடி வெடித்து, மூக்கைக் குத்துகிற நெடி வந்தால், அந்தக் கத்தியை மற்ற கத்திகளோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். பக்கத்தில் கிடப்பதும் துருப்பிடிக்கும். கழற்றின பிடியை அடுப்புப் பக்கமும் கொண்டுபோக வேண்டாம், செல்லுலாய்டு சட்டென்று தீப்பற்றும்.