ஏடிஎக்ஸ்எல்345 தரும் எண்களை எப்படிப் படிப்பது: மேசையில் செய்து பார்த்தது

மேசைமேல் அசையாமல் கிடந்த ஏடிஎக்ஸ்எல்345 என்ற முடுக்கமானி சிப் எனக்குத் தந்த ஆறு பைட்டுகள் இவை: 242, 255, 9, 0, 232, 0. இதிலிருந்து "பலகை எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது" என்ற பதிலுக்குப் போக வேண்டும். லைப்ரரியை, அதாவது யாரோ எழுதி வைத்த ஆயத்த நிரலை, போட்டால் ஒரே வரியில் விடை வந்துவிடும். ஆனால் அந்த விடையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை லைப்ரரி சொல்லாது. அதனால் சிப்புக்குள் எண்கள் இருக்கும் சிறு நினைவுக் கட்டங்களான ரெஜிஸ்டர்களிலிருந்தே தொடங்கினேன்.

இணைப்பில் பெரிய வேலை எதுவும் இல்லை. ஈஎஸ்பி32 மைக்ரோகண்ட்ரோலர், 3.3 வோல்ட், இரண்டு ஒயரில் தரவு போகும் ஐ2சி இணைப்பு. சிஎஸ் காலை 3.3 வோல்ட்டிலும் எஸ்டிஓ காலை கிரவுண்டிலும் கட்டினால் முகவரி 83. முதலில் 0-ஆம் ரெஜிஸ்டரைப் படித்தேன், 229 வந்தது. அந்த எண்ணை எட்டின் அடிமானத்தில் எழுதினால் 345, அதாவது சிப்பின் பெயரே. இது வந்துவிட்டால் ஒயரிங் சரி. 45-ஆம் ரெஜிஸ்டரில் 8 எழுதும்வரை சிப் ஸ்டாண்ட்பையிலேயே இருக்கும், அளக்காது. 49-இல் 11 எழுதினேன்: முழுத் துல்லியம், ±16 ஜி வீச்சு (ஒரு ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு). முழுத் துல்லியத்தில் எந்த வீச்சை வைத்தாலும் ஒரு கவுண்ட்டுக்கு, அதாவது சிப் தரும் எண்ணில் ஒன்றுக்கு, சுமார் 3.9 மில்லி ஜிதான். அதனால் பெரிய வீச்சை வைப்பதில் நஷ்டம் இல்லை.

அளவுகள் 50 முதல் 55 வரை உள்ள ரெஜிஸ்டர்களில் இருக்கின்றன. எக்ஸ், ஒய், இசட் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட், கீழ் பைட் முதலில். ஆறையும் ஒரே மூச்சில் படித்துவிட வேண்டும். தனித்தனியாகப் படித்தால் ஒரு பைட் பழைய அளவிலிருந்தும் அடுத்தது புதிய அளவிலிருந்தும் வந்து சேர வாய்ப்புண்டு. எக்ஸுக்கு 255 × 256 + 242 = 65522. ஆர்டுயினோ ஊனோவில் இன்ட் 16 பிட் என்பதால் இது தானாகவே −14 ஆகிவிடும். ஈஎஸ்பி32-இல் இன்ட் 32 பிட், அங்கே 65522 அப்படியே நிற்கும். 16 பிட் குறியுள்ள எண்ணாக அறிவித்தால் போதும். ஊனோவுக்கு எழுதிய நிரலை ஈஎஸ்பி32-க்குக் கொண்டுவருகிறவர்கள் திடீரென்று 65,000-க்கு மேல் எண்ணைப் பார்த்தால் சென்சாரைச் சந்தேகிக்க வேண்டாம். அது பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும் ஒரு சிறிய எண்.

ஆக, −14, 9, 232. சிப்பின் தொழில்நுட்பக் குறிப்பான டேட்டாஷீட்டின் கணக்கில் ஒரு ஜி என்பது 256 கவுண்ட். அப்படியானால் இசட் 0.91 ஜி. பூமி எல்லோரையும் ஒரே மாதிரிதான் இழுக்கிறது, மீதி 0.09 எங்கே போனது? இந்த இடத்தில்தான் விஷயம் சுவாரசியமாகிறது.

டேட்டாஷீட்டைத் திறந்தால், இசட் அச்சில் பூஜ்யமே ±250 மில்லி ஜி வரை தள்ளி இருக்கலாம் என்று போட்டிருக்கிறது. எக்ஸ், ஒய் அச்சுகளுக்கு ±150. அதாவது என் சிப் பழுதில்லாத சிப்தான், அதன் பூஜ்யம் வேறு இடத்தில் இருக்கிறது. அது எங்கே என்று கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம், புவியீர்ப்பே போதும். ஒவ்வொரு அச்சையும் ஒரு முறை நேர் மேலே, ஒரு முறை நேர் கீழே வைத்து அளக்க வேண்டும். இரண்டின் சராசரி பூஜ்யத்தின் இடம், வித்தியாசத்தில் பாதி ஒரு ஜிக்கான கவுண்ட்.

ஊசிக் கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும் போர்டு தானாக நேராக நிற்காது. எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் சதுர ஜங்ஷன் பாக்ஸுக்குள் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டினேன். ஒயர் வெளியே வரும் பக்கம் கீழே போகும்போது மட்டும் டப்பாவை மேசை விளிம்பில் ஒயர் தொங்கும்படி வைத்தேன். பக்கத்துக்கு 100 சாம்பிள் எடுத்துச் சராசரி. ஏனென்றால் அசையாமல் இருக்கும்போதுகூட எண் ஒன்றிரண்டு கவுண்ட் ஆடிக்கொண்டே இருக்கும்.

எக்ஸ் மேலே 251, கீழே −279. பூஜ்யம் −14, ஒரு ஜிக்கு 265. ஒய் மேலே 273, கீழே −255. பூஜ்யம் 9, ஒரு ஜிக்கு 264. இசட் 232, −276. பூஜ்யம் −22, ஒரு ஜிக்கு 254.

எக்ஸும் ஒய்யும் 256-ஐத் தாண்டி ஒன்றுபோல் 265 பக்கம் போனதற்குக் காரணமும் டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது. 256 என்பது 2.5 வோல்ட்டுக்கான எண். 3.3 வோல்ட் கொடுத்தால் அந்த இரண்டு அச்சுகளும் வழக்கமாக 265-க்கு ஏறும், இசட் மாறாது. என் மேசையில் எடுத்த எண் அந்த வரியோடு ஒட்டி வந்தது மனதுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

இன்னொரு வழியிலும் சரிபார்க்க ஆசை. சிப்புக்குள் மிக நுண்ணிய சிலிக்கான் நிறை ஒன்று ஸ்பிரிங்கில் தொங்குகிறது, அது விலகும் அளவை மின்தேக்குத்திறனின் மாற்றமாகச் சிப் படிக்கிறது. மேசை சிப்பை மேலே தாங்குவதால்தான் அந்த விலகல். தாங்கல் இல்லாவிட்டால் விலகலும் இல்லை. எனவே டப்பாவை நீளமான ஒயரோடு ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தலையணைமேல் விட்டேன். விழ 0.45 விநாடி, விநாடிக்கு 100 முறை (100 ஹெர்ட்ஸ்) அளப்பதால் சுமார் 45 வரிகள். அந்த வரிகளில் மூன்று அச்சுகளும் −14, 9, −22 ஆகியவற்றை ஒட்டியே ஆடின. பிறகு தலையணையில் ஒரு பெரிய துள்ளல். திருப்பி வைத்துக் கணக்குப் போட்ட பூஜ்யம் விழும்போது நேரடியாகவே தெரிந்துவிட்டது.

அப்புறம் கோணம். ஜாமெட்ரி பாக்ஸின் மூலைமட்டத்தை வைத்து டப்பாவை 45 டிகிரியில் சாய்த்தேன். எக்ஸ் 173, இசட் 158. இரண்டையும் 256-ஆல் வகுத்து டேன் இன்வர்ஸ் போட்டால் 47.6 டிகிரி. திருத்திய எண்களில் எக்ஸ் 187/265, இசட் 180/254, விடை 44.9. இரண்டரை டிகிரிக்கு மேல் வித்தியாசம்.

சமதளத்திலிருந்து ஒரு டிகிரி சாய்த்தால் எக்ஸ் நாலரை கவுண்ட் நகரும், அது சைன். இசட் 0.04 கவுண்ட்தான் குறையும், அது கோசைன், கண்ணுக்கே தெரியாது. அதனால் சிறு சாய்வை இசட்டிலிருந்து கணக்கிடுவது வீண். ஆனால் இதே மந்தம்தான் ஆறு பக்க முறைக்கு உதவுகிறது. டப்பா இரண்டு டிகிரி கோணலாக நின்றாலும் ஒரு ஜிக்கான அளவு கால் கவுண்ட்கூடப் பிசகாது. பூஜ்யத்துக்கும் அதே பாதுகாப்பு உண்டு. ரசமட்டம் இல்லாத வீட்டிலும் இதைத் தாராளமாகச் செய்யலாம்.

திருத்தத்தைச் சிப்பின் ஆஃப்செட் ரெஜிஸ்டரிலேயே (30, 31, 32) எழுதலாம். ஆனால் அங்கே ஒரு படி 15.6 மில்லி ஜி, அதாவது நான்கு கவுண்ட். என் எக்ஸுக்கு மூன்றரைப் படி வேண்டும். ஆகவே நிரலிலேயே கழித்துக்கொள்வது மேல்.

முடுக்கத்திலிருந்து தூரம் கணக்கிடலாமா என்று பலரும் கேட்பதுண்டு. ஒரே ஒரு கவுண்ட் பிழை மிஞ்சினாலும் பத்து விநாடியில் தூரம் 1.9 மீட்டர் தவறிவிடும். இந்தச் சிப்பை வைத்து அந்த வேலைக்கு இறங்க வேண்டாம்.

அடுத்து வீட்டுத் தண்ணீர் மோட்டாரின் அதிர்வைப் பார்க்கப்போகிறேன். தகட்டில் 2880 ஆர்பிஎம் என்று இருக்கிறது, அதாவது விநாடிக்கு 48 சுற்று. இப்போதைய 100 ஹெர்ட்ஸில் பார்க்க முடிவது அதில் பாதி, 50 வரைதான். அதனால் 44-ஆம் ரெஜிஸ்டரில் 13 எழுதி 800 ஹெர்ட்ஸ் ஆக்கி, ஐ2சி வேகத்தையும் 400 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றி வைத்திருக்கிறேன். டப்பாவை மோட்டாரில் டேப்பால் ஒட்டினால் டேப்பின் ஆட்டமும் சேர்ந்து வரும் என்பதால், பேரிங் பக்கத்து போல்ட்டிலேயே இறுக்க ஒரு சின்ன எல் கிளாம்ப் செய்யக் கொடுத்திருக்கிறேன்.