கொல்லை வெண்டை: ஆடியிலிருந்து ஐப்பசி வரை

ஜூலை 20, ஞாயிறு (ஆடி 4)

ராத்திரி ஊறப்போட்ட விதையைக் காலையில் வடித்தேன். மிதந்ததைத் தள்ளியது போக, அடியில் தங்கியது 44. கும்பகோணம் பக்கத்து ஊரிலிருந்து அத்தை கொண்டுவந்த நாட்டு வெண்டை. சாம்பலில் பிசறி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்திருந்தார். போன வருஷம் காய்த்ததையெல்லாம் பறித்துச் சமைத்துவிட்டோம், விதைக்கென்று ஒன்றுகூட விடவில்லை. பாட்டிலில் மிச்சமிருந்தது இந்த ஒரு கைப்பிடிதான்.

வெண்டைக்கு ஆணிவேர் நீளமாக இறங்கும், பிடுங்கி நட்டால் சுணங்கும். அதனால் நேரே பாத்தியிலேயே ஊன்றினேன். வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஓர் அடி, குழிக்கு இரண்டு விதை, விரல் கணு ஆழம். மொத்தம் 22 குழி. வாசல் பக்கம் இரண்டு தொட்டியில் அர்கா அனாமிகா போட்டேன். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ரகம், இலை நரம்பை மஞ்சளாக்கும் மஞ்சள் தேமல் நோயை ஓரளவு தாங்கும்.

ஜூலை 25, வெள்ளி

முளைத்துவிட்டது! மண்ணை முதுகால் முட்டிக்கொண்டு வளைந்து நிற்கிறது. சிலதில் விதைத்தோல் இன்னும் தொப்பி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. எடுத்துவிடக் கை துறுதுறுத்தது. “தொடாதேம்மா, அதுவே கழட்டிக்கும்” என்றார் அத்தை. சாயங்காலம் பார்த்தால் பாதிக்கு மேல் கழன்றிருந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு (ஆடிப்பெருக்கு)

சித்ரான்னம் கிளறி முடித்ததும் பாத்திக்கு வந்தேன். விதை இரண்டும் முளைத்த குழியில் ஒன்றைக் கழித்தாக வேண்டும். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேர் அசையும் என்று கத்தரியால் தரையோடு வெட்டினேன். இரண்டு குழி பொய்த்துவிட்டது. இருபது செடி நிற்கிறது.

ஆகஸ்ட் 18, திங்கள்

இலைக்கு அடியில் வெள்ளை ஈ. செடியைத் தட்டினால் மாவு சிதறுவதுபோல் பறந்து மறுபடி வந்து உட்கார்கிறது. சாறு உறிஞ்சுவதைவிட அது கொண்டுவரும் தேமல்தான் எனக்குப் பயம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்த பிறகு இலையைத் திருப்பித் திருப்பி அடியில் படும்படி அடித்தேன். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவி இரண்டு குச்சியில் கட்டியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நாற்பதாவது நாள் முதல் பூ. வெளிர் மஞ்சள், நடுவில் கருஞ்சிவப்புக் கண். காலையில் விரிந்தது, சாயங்காலமே சுருண்டுவிட்டது. பூத்தது இருப்பதிலேயே உயரமான செடி, கிணற்றோரம் மூன்றாவது. அத்தை அதன் தண்டில் ஒரு சிவப்புத் துணி நாடா கட்டினார். “இது விதைக்கு. இதுல யாரும் கை வைக்கக் கூடாது.”

செப்டம்பர் 4, வியாழன்

முதல் பறிப்பு, 11 காய். பூ உதிர்ந்து ஐந்தாறு நாள் ஆனவை. கடையில் வாங்குவது ஐந்து பட்டை, இது எட்டுப் பட்டை, கொஞ்சம் வெளுப்பு. காம்பைக் கத்தியால்தான் வெட்டினேன், இழுத்தால் தண்டுத்தோல் உரிந்து வந்துவிடுகிறது. முழுக்கை சட்டை போடாமல் போனதில் முழங்கை வரை சுணை ஏறி அரிப்பு. வதக்கும்போது ஒரு கரண்டி மோர் தெளித்தேன், வழவழப்பு அடங்கியது. தட்டில் வைத்ததும் முதலில் அத்தைக்குத்தான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் ஊரில் இல்லை. திரும்பி வந்து நுனியை ஒடித்தால் ஒடியவில்லை, வளைகிறது. எட்டுக் காய் முற்றல். முற்றிய காய் செடியில் தங்கினால் மேலே பூப்பது குறைகிறது, அதனால் எல்லாவற்றையும் வெட்டிப் போட்டேன். வெண்டைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போயே ஆக வேண்டும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

எழுதவே மனசில்லை. நாடா கட்டிய செடிக்குத் தேமல்.

முந்தாநாள் கொழுந்தில் ஒரு நரம்பு மட்டும் மஞ்சளாகத் தெரிந்தபோது சத்துக்குறை என்று நினைத்துக்கொண்டேன். இன்று இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். நரம்பெல்லாம் தடித்து மஞ்சள் வலை விரித்த மாதிரி, வலைக்கண்ணுக்குள் மட்டும் பச்சை. புதிதாக விட்ட பிஞ்சும் வெளுத்துக் கட்டையாக இருக்கிறது. மஞ்சள் நரம்புத் தேமல்தான், சந்தேகமே இல்லை. வந்த செடியை மீட்க மருந்து கிடையாது. டெல்லியில் உருவாக்கிய பூசா சவானி ரகம் ஒரு காலத்தில் இதைத் தாங்கியது, நாளடைவில் அதுவும் தாங்காமல் போனது. நாட்டு விதைக்கு எதுவும் வராது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஈ பறந்து மற்றதில் உட்காராமல் இருக்க, செடிமேல் பெரிய பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து, அடியில் இறுக்கிப் பிடித்து வேரோடு பிடுங்கினேன். நாடாவை அத்தைதான் அவிழ்த்தார். கையில் சுருட்டி வைத்துக்கொண்டு ஒன்றும் பேசவில்லை.

செப்டம்பர் 17, புதன் (புரட்டாசி 1)

இன்னும் இரண்டு செடி போயிற்று. பிடுங்கிய அந்த மூன்றாவது செடிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக நின்றவை. அதற்கும் அடுத்து நிற்கும் குட்டைச் செடியில் ஒரு மஞ்சள் கோடுகூட இல்லை. இடுப்புயரம்தான், மூன்று கிளை, பூத்ததே மற்றவற்றுக்கு ஒரு வாரம் கழித்து. நாடா இப்போது அதில்.

வெண்டை தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்றாலும் தேனீ வந்தால் கொஞ்சம் கலக்கும். வாசலில் அர்கா அனாமிகா வேறு பூக்கிறது. அதனால் மறுநாள் விரியப்போகும் மொட்டை, நுனி மஞ்சளாக எட்டிப்பார்க்கும் அந்திநேரத்தில், பூத்தொடுக்கும் நாரால் கட்டிவிடுகிறோம். அத்தை மல்லிக்குப் போடும் அதே முடிச்சு. இறுக்கினால் மொட்டு நசுங்கும், தளர்ந்தால் திறந்துகொள்ளும். இன்று மூன்று மொட்டு. அடுத்த நாட்களிலும் கட்ட வேண்டும்.

செப்டம்பர் 25, வியாழன்

கட்டிய ஏழில் ஐந்து பிடித்திருக்கிறது. மற்ற செடிகளில் ஒருநாள் விட்டு ஒருநாள் அரைக் கிலோ வரை வருகிறது. எதிர்வீட்டுக்கும் கொடுத்தேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

வானம் மூட்டமாகவே இருக்கிறது. விதைக்காய் இரண்டு பழுப்பேறிவிட்டது, மூன்றில் இன்னும் காம்பு பச்சை. நனைந்தால் உள்ளேயே பூசணம் பிடிக்கும். பாலிதீன் பையின் அடியைத் திறந்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் கூரை மாதிரி கட்டினேன்.

அக்டோபர் 26, ஞாயிறு (ஐப்பசி)

நேற்றே ஐந்தையும் காம்போடு வெட்டி அடுப்படி உத்தரத்தில் தொங்கவிட்டோம். காய்ந்த முதல் இரண்டை இன்று அத்தை உடைத்தார். பட்டையோரம் கட்டைவிரல் வைத்து அழுத்தியதும் படக்கென்று பிளந்தது. உள்ளே சாம்பல் பச்சையில் உருண்டை உருண்டையாக விதை. சொத்தையைப் பொறுக்கித் தள்ளி எண்ணினேன், 87. மற்ற மூன்று காயும் காய்ந்த பிறகு சேர்த்துச் சாம்பலில் பிசற வேண்டும். பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.