எங்கள் தெருக் கடைகள்: மதுரை ஊரடங்கு நாட்குறிப்பு

24 மார்ச் 2020, செவ்வாய்

கொரோனாவுக்காகச் சாயங்காலம் 6 மணிக்கே 144 தடையுத்தரவு வந்துவிட்டது. இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவு முதல் நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு. பேச்சு முடிவதற்குள் எங்கள் பலசரக்குக் கடை வாசலில் கூட்டம். துவரம்பருப்பு, ரவை, கடலை எண்ணெய், கோதுமை மாவு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அப்பா என் காதருகே வந்து, "ஆளுக்கு ரெண்டு கிலோவுக்கு மேல போடாத பாப்பா, கடைசி வீட்டு வரைக்கும் கிடைக்கணும்" என்றார். கையில் காசோடு வந்தவர்களில் சிலருக்குக் கோபம். அப்பா மசியவில்லை.

பலசரக்கு அத்தியாவசியம் என்பதால் நாங்கள் திறக்கலாம். டீக்கடை, தையல் கடை, சலூன், இஸ்திரி வண்டி எல்லாம் நாளை முதல் கிடையாது. முக்கு புரோட்டாக் கடையில் பார்சல் மட்டும் கொடுக்கலாமாம். ஆனால் மாஸ்டர் மத்தியானமே ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்.

5 ஏப்ரல், ஞாயிறு

கடை நேரம் இன்றிலிருந்து மதியம் 1 மணி வரைதான். போன வாரம்தான் 2.30 ஆக்கியிருந்தார்கள். நேரத்தைக் குறைத்தால் ஆட்கள் குறைவார்கள் என்று யார் கணக்குப் போட்டார்களோ, எங்கள் வாசலில் அது பொய்த்துப்போனது. பன்னிரண்டு மணி நேரத்தில் பிரிந்து வருகிறவர்கள் எல்லாரும் ஏழு மணி நேரத்துக்குள் வந்து நிற்கிறார்கள். சுண்ணாம்பில் வட்டம் போட்டு வைத்திருக்கிறோம். 11 மணிக்கு மேல் வட்டமும் இல்லை, வரிசையும் இல்லை.

சரக்கு எடுப்பது பெரும்பாடு. கீழமாசி வீதிக்கு விடிவதற்குள் போகிறோம். லோடுமேன் வரவில்லை. மூட்டையை அப்பாவும் தம்பியும் தூக்கி டிவிஎஸ் 50-ல் வைத்துக் கட்டுகிறார்கள். இன்றிரவு 9 மணிக்கு விளக்கேற்றச் சொன்னதால் மெழுகுவத்தியும் அகலும் தீர்ந்துபோயின.

25 ஏப்ரல், சனி

நாளை முதல் 29 வரை மதுரை, சென்னை, கோவையில் முழு ஊரடங்கு. பலசரக்கும் கிடையாது. அறிவிப்பு வந்ததிலிருந்து தெரு கொள்ளவில்லை. ஒரு மாதம் விலகி நின்ற ஜனம் இன்று ஒரே நாளில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றது.

4 மே, திங்கள்

மீனாட்சி திருக்கல்யாணம். கோயிலுக்குள் பட்டர்கள் மட்டும், எங்களுக்கு நேரலை. அழகர் ஆற்றில் இறங்குவதும் இந்த வருஷம் இல்லை. காலையில் தெருப் பெண்கள் மஞ்சள் கயிறு வாங்க வந்தார்கள். தாலிக் கயிற்றை வீட்டிலேயே மாற்றிக்கொண்டார்கள்.

சித்திரைத் திருவிழா என்றால் மாசி வீதிகளில் மட்டுமில்லை, எங்கள் தெருவிலும் வியாபாரம்தான். வெளியூர்ச் சொந்தங்கள் வரும். புரோட்டாக் கடை மூன்று மூட்டை மைதா கேட்கும். டீக்கடை மாமா சர்க்கரையைச் சிப்பமாக எடுப்பார். தையல்கார அக்கா ராத்திரி முழுக்க ஜாக்கெட் தைப்பார். இந்த வருஷம் எங்களிடமிருந்து போனது கயிறும் குங்குமமும்தான். திறக்க அனுமதி இருந்தும் எங்கள் கடையில் பாதி வியாபாரம் படுத்துக் கிடக்கிறது. அடைத்துக் கிடக்கிற கடைகள்தான் எங்கள் வாடிக்கை. அரசு உத்தரவில் ஒவ்வொரு கடையும் தனித்தனி வரி. எங்கள் பற்று நோட்டில் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கிறது.

11 மே, திங்கள்

34 வகைக் கடைகளைத் திறக்கலாம் என்று பட்டியல் வந்தது. டீக்கடை உண்டு, பார்சல் மட்டும். சலூன் இல்லை. சலூன் அண்ணன் பட்டியலை என் போனில் வாங்கி இரண்டு தடவை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். பிறகு போனைக் கொடுத்துவிட்டு ஒரு கிலோ ரேஷன் அரிசியை மாவாக அரைத்தால் இட்லிக்கு வருமா என்று கேட்டார். உளுந்தைக் கொஞ்சம் கூடப் போட்டால் வரும் என்றேன். உளுந்தை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

டீக்கடை மாமா அடுப்பைப் பற்றவைத்தார். பிளாஸ்டிக் பைக்குத் தடை என்பதால் தூக்குவாளி, பிளாஸ்கு கொண்டுவந்தால்தான் டீ. பட்டறை ஆட்களும் ஆட்டோக்காரர்களும் நின்று குடித்த கடை அது. வீட்டில் பால் இருக்கிறவர்கள் தூக்குவாளியோடு எதற்கு வரப்போகிறார்கள்? மத்தியானம் மீந்த பாலைத் தயிருக்கு உறை ஊற்றினார்.

16 மே, சனி

இதை விரிவாக எழுத வேண்டும்.

13-ம் தேதி நிதியமைச்சர் சிறுதொழில்களுக்கு ஈடு இல்லாத கடன் 3 லட்சம் கோடி என்று அறிவித்தார். அப்பா பேப்பரை வரி விடாமல் படித்தார். ஏற்கெனவே வங்கியில் கடன் நிலுவை இருக்கிறவர்களுக்கு அந்த நிலுவையில் 20 சதவீதம் மேற்கொண்டு கிடைக்கும். எங்கள் தெருவில் வங்கிக் கடன் யாருக்கு இருக்கிறது? டீக்கடை மாமாவுக்கு இல்லை. தையல் அக்காவுக்கு இல்லை. சலூன் அண்ணன் ஒரு தடவை கேட்டுப்போய் வருமானவரிக் கணக்கு கேட்டதால் திரும்பி வந்தவர்.

இவர்களுக்கெல்லாம் தண்டல்தான் வங்கி. பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறு கையில் கொடுப்பார்கள். தினம் நூறு ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். கல்லாவில் தினம் காசு விழும் என்ற ஒரே நம்பிக்கையில் நடக்கிற ஏற்பாடு. ரிசர்வ் வங்கி மார்ச்சிலேயே மூன்று மாதத் தவணைக்கு அவகாசம் கொடுத்தது. அது வங்கிக்கும் நிதி நிறுவனத்துக்கும். சைக்கிளில் சிட்டை நோட்டோடு வருகிறவருக்கு அது பொருந்தாது. அவரும் நெருக்கத்தான் செய்கிறார். அவருக்கு மேலே பணம் போட்டவர் அவரை நெருக்குகிறார்.

தெருவோர வியாபாரிகளுக்குப் பத்தாயிரம் கடன் வரப்போகிறது என்றார்கள். இஸ்திரி வண்டி அண்ணனுக்கும் பூக்கார அத்தைக்கும் கிடைத்தால் சந்தோஷம். ஷட்டர் போட்ட பத்தடிக் கடைக்காரர் தெருவோரமும் இல்லை, வங்கிக் கணக்கில் தொழில்முனைவோரும் இல்லை. அவருக்கு ஒரு வழி வேண்டும். வாடகையாவது யாராவது ஏற்க வேண்டும். இதைச் சொல்ல எங்கே போவது என்று தெரியாமல்தான் இங்கே எழுதுகிறேன்.

24 மே, ஞாயிறு

சென்னை தவிர மற்ற நகரங்களில் சலூன் திறக்கலாம். காலை 7 மணிக்கே வரிசை. இரண்டு மாத முடி! அண்ணன் முகக்கவசத்தோடு, ஒருவர் எழுந்ததும் நாற்காலியைத் துடைத்துத் துடைத்து வெட்டினார். மாலையில் வந்து நோட்டில் தன் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, கையிலிருந்ததில் பாதியைக் கொடுத்தார். அப்பா வாங்க மறுத்தார். "வாங்கிக்கங்க மாமா, கொடுத்தாத்தான் நாளைக்குக் கேக்க முடியும்" என்றார்.

23 ஜூன், செவ்வாய்

இன்று கை ஓடவில்லை. சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்த ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் இறந்துவிட்டார்கள். நேரம் கடந்து கடை திறந்திருந்ததாகச் சொல்லி 19-ம் தேதி போலீஸ் ஜெயராஜை அழைத்துப் போயிருக்கிறது. கேட்கப் போன மகனையும் பிடித்துவைத்து இருவரையும் அடித்திருக்கிறார்கள். கோவில்பட்டி சிறையில் இருந்தவர்களில் மகன் நேற்றிரவு, அப்பா இன்று காலை.

ஷட்டரைப் பாதி இறக்கிவைத்துக்கொண்டு கைக்குழந்தைக்காரி கேட்ட பால்பவுடரை எடுத்துக் கொடுக்காத கடைக்காரர் இந்த மூன்று மாதத்தில் யார்? எங்கள் அப்பா எத்தனையோ தடவை கொடுத்திருக்கிறார். பக்கத்தில் என் தம்பி நின்றிருப்பான். செய்தியைப் படித்ததிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் ஒன்றாகக் கடையில் நிற்பதைப் பார்க்கவே எனக்கு நெஞ்சு அடைக்கிறது. தொற்றைத் தடுக்க வைத்த நேரக் கட்டுப்பாட்டின் பேரில் இரண்டு உயிர் போயிருக்கிறது. செய்தவர்கள் தண்டிக்கப்பட வேண்டும்.

பரவை மார்க்கெட்டில் தொற்று பரவி, மதுரைக்கு இன்று நள்ளிரவு முதல் மறுபடி முழு ஊரடங்கு. இந்தத் தடவை எங்களுக்கு மதியம் 2 வரை. அப்பா 1.30-க்கே அடைத்துவிடலாம் என்கிறார்.

12 ஜூலை, ஞாயிறு

முழு ஊரடங்கு ஜூன் 30 வரை என்றார்கள், பிறகு ஜூலை 5, பிறகு 12, இப்போது 14. புரோட்டாக் கடைக்கு எடுத்துவைத்த மைதாவில் வண்டு விழுந்துவிட்டது. சலித்து வெயிலில் காயவைத்தோம்.

1 செப்டம்பர், செவ்வாய்

மாவட்டத்துக்குள் பஸ் ஓடுகிறது. மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் என்ற அனுமதிச் சீட்டு இனி வேண்டாம். ஞாயிறு முழு ஊரடங்கும் போய்விட்டது. வங்கித் தவணைக்கு நீட்டித்துக் கொடுத்த அவகாசமும் நேற்றோடு முடிந்தது.

புரோட்டா மாஸ்டர் வந்துவிட்டார். ஒரு மூட்டை மைதா போட்டோம், பணம் சனிக்கிழமை. டீக்கடை மாமா சர்க்கரையைக் கிலோக் கணக்கில் எடுக்கிறார். சலூன் அண்ணன் பக்கத்தில் பாக்கி குறைந்துகொண்டு வருகிறது.

தையல் அக்காதான் கடையைக் காலி செய்துவிட்டார். பள்ளிக்கூடம் திறக்காமல் சீருடை இல்லை, மண்டபத்தில் கூட்டம் இல்லாமல் ஜாக்கெட் இல்லை. ஏப்ரலில் முகக்கவசம் தைத்தார், பிறகு அதையும் எல்லாரும் தைக்க ஆரம்பித்தார்கள். மெஷின் இப்போது வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. அட்வான்ஸ் முழுவதையும் வாடகைக்குக் கழித்துக்கொண்டதாகக் கடை உரிமையாளர் சொல்கிறாராம். அடைத்துக் கிடந்த மாதங்களுக்கும் முழு வாடகையா என்று கேட்க அப்பாவும் டீக்கடை மாமாவும் வியாழக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறார்கள். நானும் போகிறேன்.