இரண்டு ரப்பர் ரிங்

சர்வீஸ் அட்வைசர் வேலையில் இருப்பவனுக்கு, மதியம் சர்வீஸ் முடித்து டெலிவரி கொடுத்த வண்டிக்காரரிடமிருந்து மாலையே போன் வந்தால் மனசு திக்கென்று இருக்கும். அன்று வந்த போனும் அப்படிப்பட்டது.

"தம்பி, ஹைவேல போய்ட்டிருந்தேன். சிவப்பா எண்ணெய்க் கிண்டி மாதிரி ஒரு லைட் எரிஞ்சுது. ஓரங்கட்டி ஆஃப் பண்ணிட்டேன். இறங்கிப் பார்த்தா வந்த வழி பூரா ஆயில் கோடு."

நான் கேட்ட முதல் கேள்வி, "லைட் எரிஞ்சப்புறம் எவ்வளவு தூரம் ஓட்டுனீங்க மேடம்?" என்பது.

எஞ்சினைப் பற்றிய கவலையில்தான் கேட்டேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. பழியில் எவ்வளவு அவர் பக்கம் போகும் என்று அளந்து பார்க்கிற பழக்கமும் அந்தக் கேள்வியில் இருந்தது. அவருக்கு அது உடனே புரிந்துவிட்டது. கொஞ்சம் நிறுத்தி, "பாலத்து மேல நிறுத்த இடமில்ல. பாலம் இறங்குனதும் நிறுத்திட்டேன். ஒரு கிலோமீட்டர் இருக்கும்" என்றார். குரல் மாறியிருந்தது. பத்திரமான இடத்தில் நிற்கிறாரா, கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்காமலே டோ வண்டிக்கு முகவரி வாங்கியிருந்தேன்.

இரவு வண்டி வந்தது. லிஃப்டில் ஏற்றினோம். ஃபோர்மேன் அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் ஆயில் ஃபில்டரைக் கழற்றினார். அன்று சர்வீஸில் மாட்டிய புது ஃபில்டரின் ரப்பர் ரிங் பிதுங்கி ஒரு பக்கம் வெளியே தொங்கியது. எஞ்சின் முகத்தில் இன்னொரு ரிங், கறுத்து இறுகி ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய ஃபில்டரோடு வந்திருக்க வேண்டியது அது. அதன் மேலேயே புதியதை முறுக்கிவிட்டார்கள்.

இந்தத் தவறு எப்படிக் கண்ணில் தப்புகிறது என்பதைச் சொல்ல வேண்டும். இரண்டு ரிங் இருந்தாலும் ஃபில்டர் நன்றாகவே இறுகும். எஞ்சினை வண்டி நகராமல் ஐடிலில் ஒரு நிமிடம் ஓடவிட்டுக் கீழே பார்த்தால் ஒரு சொட்டு இருக்காது. ஆனால் ரிங் உட்கார ஃபில்டர் விளிம்பில் இருக்கிற பள்ளம் ஒரு ரிங்குக்கான பள்ளம். ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும்போது பக்கவாட்டில் பிடிமானம் கிடையாது. வேகம் எடுத்து ஆயிலின் அழுத்தம் மூன்று, நான்கு பார் (அழுத்தத்தின் அலகு) என்று ஏறும்போது வழுக்கிப் பிதுங்குகிறது. அதன் பிறகு எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பில் இருக்கும் ஆயில் முழுவதும் வெளியேற ஒன்றிரண்டு நிமிடம் போதும்.

அண்ணன் பழைய ரிங்கை நகத்தால் சுரண்டி எடுத்து என் கையில் வைத்தார். "பத்திரமா வை. இதான் சாட்சி" என்றார். அப்போது அந்த வார்த்தையின் எடை எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை மேனேஜர் வந்ததும் எளிய வழி ஒன்று பேச்சில் வந்தது. புது ஃபில்டர், புது ஆயில் போட்டு ஸ்டார்ட் செய்து பார்ப்பது. சத்தம் இல்லையென்றால் கழுவிக் கொடுத்துவிடுவது. அப்படியே ஸ்டார்ட் செய்தோம். சத்தம் இல்லை. விளக்கும் அணைந்தது. மேனேஜரின் முகத்தில் வந்த நிம்மதியை நானும் பகிர்ந்துகொண்டேன். மேடத்துக்குப் போன் செய்து, "ஆயில் ஃபில் பண்ணிட்டோம், எஞ்சின் நல்லா இருக்கு" என்று சொல்லியும்விட்டேன். என் பணிக்காலத்தில் நான் சொன்ன வாக்கியங்களில் திரும்ப எடுத்துக்கொள்ள விரும்புவது இதைத்தான்.

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நல்லா இருக்குன்னு எதைப் பார்த்துச் சொல்றீங்க?"

என்னிடம் பதில் இல்லை. காதால் கேட்டதைத் தவிர நாங்கள் எதையும் பார்க்கவில்லை.

படிக்கும் காலத்தில் லூப்ரிகேஷன் பாடத்தில் ஒரு பழைய சோதனையைப் பற்றிச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். 1883-ல் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் ஒன்றைச் சோதித்தபோது, மேலே போட்டிருந்த துளை வழியாக எண்ணெய் வெளியே வந்துகொண்டே இருந்தது. ஆப்பு வைத்து அடைத்தார். எண்ணெய் ஆப்பைத் தள்ளிவிட்டது. சுழலும் அச்சு தன் எண்ணெயைத் தானே இழுத்து அழுத்தப்பட்ட படலமாக்கி அதன் மேல் மிதக்கிறது என்பது அப்படித்தான் பிடிபட்டது. 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணக்கு எழுதினார். கார் எஞ்சினில் பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்கும் அப்படித்தான் மிதக்கிறது. சுமை ஏறும் இடத்தில் அந்தப் படலத்தின் கனம் சில மைக்ரான், தலைமுடியில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறாது. அது போனால் உலோகம் உலோகத்தைத் தொடும். தொட்ட காயத்தை அடுத்த நாள் ஊற்றுகிற நல்ல எண்ணெய் கொஞ்ச காலம் மூடி மறைக்கும். சத்தம் பல ஆயிரம் கிலோமீட்டர் கழித்து வரலாம். அப்போது சர்வீஸ் பில்லில் தேதி பழசாகியிருக்கும். எங்கள் தவறு என்று யாரும் நிரூபிக்க முடியாது.

அந்தச் சிவப்பு விளக்கைப் பற்றியும் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் சொல்ல ஆசைப்படுவேன். பலர் அதை ஆயில் குறைவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்த பெட்ரோல் பங்க்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டுகிறார்கள். அது காட்டுவது அழுத்தம் போய்விட்டதை. பெரும்பாலான கார்களில் அழுத்தம் அரை பாருக்கும் கீழே விழுந்த பிறகே அது எரியும். அதாவது எரியும்போதே ஏறக்குறைய எதுவும் மிச்சமில்லை. எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும், மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. மேடம் அதைச் சரியாகச் செய்திருந்தார். உதவ வந்த ஒருவர் "ஆயில் ஊத்தி ஓட்டிப் பார்க்கலாம்" என்றபோதும் சாவியைக் கொடுக்கவில்லை. டாஷ்போர்டை, ஓடோமீட்டர் தெரியும்படி படம் எடுத்திருந்தார். ரோட்டில் கிடந்த ஆயில் கோட்டையும், ஃபில்டர் பக்கம் நனைந்திருந்ததையும் படம் எடுத்திருந்தார். ஒரு கிலோமீட்டர் என்று அவர் சொன்னதை யாரும் மறுக்க முடியாமல் போனதற்குக் காரணம் அந்தப் படங்கள்தான். எஞ்சின் கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்த ஆயில் பிரஷர் பழுதுக் குறியீடும், அந்த நொடியில் வண்டியின் வேகமும் எஞ்சின் சுழற்சி வேகமும் அவர் சொன்னதோடு ஒத்துப்போயின.

சம்ப்பைக் கழற்றிப் பார்க்கலாம் என்று சொன்னது ஃபோர்மேன் அண்ணன்தான். மேனேஜருக்கு விருப்பமில்லை. "தேடிப் போய் வேலையை இழுத்துக்கிறியா?" என்றார். அண்ணன், "என் வண்டின்னா பார்ப்பேன் சார்" என்றார். அதற்கு மேல் பேச்சில்லை. சம்ப்பின் அடியில் ஆயிலை விரலால் தொட்டு வெளிச்சத்தில் பிடித்தால் மினுமினுப்பு. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் ஒன்றின் கேப்பைக் கழற்றினோம். உள்ளே இருக்கும் மெல்லிய வளைதகடான பேரிங் ஷெல்லின் மேல் பூச்சு தேய்ந்து, அடியில் இருக்கும் செம்பு நிறம் பட்டையாகத் தெரிந்தது. அதற்கு நேரே கிராங்கில் நகம் மாட்டும் அளவுக்குக் கீறல். காலையில் சத்தமே போடாத எஞ்சின் அது.

அதற்குப் பிறகு நடந்த சண்டை முழுக்க, வண்டிக்குச் செய்த வேலையைப் பதியும் ஜாப் கார்டில் எழுத வேண்டிய ஒரு வரிக்காக. மேனேஜர் சொன்ன வரி: "ஆயில் லீக், சரிசெய்யப்பட்டது." நான் எழுத நினைத்த வரி: "சர்வீஸின்போது பழைய ஃபில்டரின் ரிங் எடுக்கப்படாததால் ஆயில் வெளியேறி, பேரிங்கும் கிராங்கும் சேதம்." முதல் வரியில் யாரும் எதுவும் செய்யவில்லை; எண்ணெய் தானாகக் கசிந்தது. மேடத்தின் கையில் அந்தக் காகிதம் போனால் நாளைக்கு அவர் எங்கும் பேச முடியாது. கம்பெனி வாரண்டியில் கோரலாமே என்றும் ஒரு யோசனை வந்தது. வாரண்டி தயாரிப்புக் குறைக்கு. நாங்கள் ரிங்கை விட்டதற்குத் தயாரித்தவன் ஏன் கொடுக்க வேண்டும்? வண்டிக்காரரின் இன்சூரன்சும் பொதுவாக இப்படிப்பட்ட எஞ்சின் பழுதுக்கு வராது. இது சர்வீஸ் செய்த இடத்தின் பொறுப்பு. பல வொர்க்‌ஷாப்புகள் இதற்கென்றே பொறுப்புக் காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன, எங்களுக்கும் இருந்தது. அந்தக் காப்பீட்டுக்காரர் காரணத்தை எழுத்தில் கேட்டதால்தான் கடைசியில் என் வரி ஜாப் கார்டில் ஏறியது. என் நேர்மை வென்றது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

மேடம் வெளியிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்து பார்க்க வேண்டும் என்றார். எங்களில் பலருக்கு அது அவமானமாகப் பட்டது. அந்தப் பெரியவர் வந்து ஷெல்லைக் கையில் வாங்கி, கிராங்கில் விரல் ஓட்டி, அண்ணனிடம் பத்து நிமிடம் பேசினார். போகும்போது மேடத்திடம், "இவங்க மறைக்கல. கிராங்கை கிரைண்ட் பண்ணி ஓட்டலாம், ஆனா நான்னா ஷார்ட் எஞ்சின் மாத்தச் சொல்வேன்" என்றார். நான் எத்தனை முறை சொல்லியிருந்தாலும் மேடம் நம்பியிருக்க மாட்டார். நம்பவும் வேண்டியதில்லை.

ஷார்ட் எஞ்சின், அதாவது கிராங்கும் பிஸ்டன்களும் அடங்கிய எஞ்சினின் கீழ்ப்பகுதி முழுவதையும் மாற்றினோம். மூன்று வாரம் ஆனது. அதுவரை ஓட்ட வேறு வண்டி கொடுத்தோம். மாற்றியதற்குத் தனியாக எழுத்தில் உத்தரவாதம், ஆயிரம் கிலோமீட்டரில் ஆயிலை இறக்கி ஃபில்டரை வெட்டிப் பிரித்துக் காட்டுவது என்று அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டோம். வெட்டிய அன்று நேரில் வந்து, ஃபில்டர் காகித மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். துகள் இல்லை.

ஃபில்டர் மாற்றிய பையனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இது முழுமையாகாது. வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பழைய ஃபில்டரைக் கழற்றிய கையோடு, வழியை மறித்து நின்ற வேறொரு வண்டியை நகர்த்த அவனைக் கூப்பிட்டது நான். திரும்பி வந்தவன் ஆயில் ட்ரேயில் கிடந்த பழைய ஃபில்டரைப் பார்க்காமல் புதியதைப் போட்டான். மேனேஜர் அவன் சம்பளத்தில் பிடிக்கலாம் என்றபோது நான் கூப்பிட்டதைச் சொன்னேன். தாமதமாகச் சொன்னேன், பையன் அதற்குள் இரண்டு நாள் தூங்காமல் இருந்திருக்கிறான். இப்போது எங்கள் வொர்க்‌ஷாப்பில் பழைய ஃபில்டரை ரிங்கோடு இன்னொருவரிடம் காட்டி, அவர் "ரிங் இருக்கு" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே புதியதை எடுக்கிறார்கள். ஃபில்டர் வேலையின் நடுவில் யாரையும் யாரும் கூப்பிடுவதில்லை.

அடுத்த சர்வீஸ் தேதி நெருங்கியபோது மேடத்தை அழைத்தேன்.

"வண்டி நல்லா ஓடுது தம்பி. ஆனா அங்க வர மனசு வரல. தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்ல மேடம். அன்னிக்கு நான் முதல்ல கேட்டது..."

"தெரியும். விடுங்க." கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பையன் இன்னும் அங்கதான் இருக்கானா?" என்றார்.

"இருக்கான் மேடம்."

"சரி" என்று வைத்துவிட்டார்.